எதிரி விமானத்துக்கு வழிகாட்டிய வானொலி

போர்க்கால வானொலி என்றாலே தலைவர்களின் உரை, பிரசாரம் என்றுதான் பேசுகிறோம். ஆனால் ஒலிபரப்பும் ஒவ்வொரு நிலையமும் தான் எங்கே இருக்கிறது என்பதையும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாய் தீவில் ஹொனலூலு பக்கத்தில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களுக்குத் தலைமை தாங்கிய மிட்சுவோ புச்சிடா, கீழே மேகம் மூடியிருந்தபோது ஹொனலூலு வானொலியின் இசையைப் பிடித்து, அது வரும் திசையை வைத்தே பாதையைச் சரிசெய்துகொண்டார்.

எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் மத்திய அலையில் கொஞ்சம் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடித்துவிட்டு, பெட்டியை மெதுவாகத் திருப்புங்கள். ஏதோ ஒரு திசையில் சத்தம் தேய்ந்து இரைச்சல் மட்டும் மிஞ்சும். உள்ளே ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான தண்டு ஒன்றின் மேல் கம்பி சுற்றியிருக்கிறார்கள். தண்டின் முனை நிலையத்தைப் பார்த்து நிற்கும்போது அலையின் காந்தப்புலம் சுருளுக்குள் நுழையாது, அதுதான் காரணம். விமானத்தில் இதே வேலையை வளைய ஆண்டெனா செய்தது. சத்தம் கூடும் திசையைவிட அறுந்துபோகும் திசைதான் துல்லியமாகத் தெரியும், அதனால் அதைத்தான் தேடுவார்கள்.

பிரிட்டன் இதற்கு முன்கூட்டியே தயாராகியிருந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று பிபிசி தன் பிராந்திய நிகழ்ச்சிகளை நிறுத்தி, பல ஊர் டிரான்ஸ்மிட்டர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, 'ஹோம் சர்வீஸ்' என்ற ஒரே நிகழ்ச்சியைக் குழுவுக்கு ஒரே அதிர்வெண்ணில் அனுப்பத் தொடங்கியது. நாலாபக்கமும் இருந்து அலைகள் வந்து கலந்தால் வளைய ஆண்டெனாவுக்குத் திசை குழம்பிவிடும். அதிர்வெண் கொஞ்சம் பிசகினாலும் கேட்பவர் காதில் ஒலி ஏறி இறங்கும் என்பதால் எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் மிகத் துல்லியமாக ஒத்திசைத்தார்கள். சரி, விமானம் ஒரு டிரான்ஸ்மிட்டரின் பக்கத்திலேயே வந்துவிட்டால்? அதன் அலை மற்றவற்றை அமுக்கிவிடும், திசை தெரிந்துவிடும். அப்போது விமானப்படை சொன்னதும் அந்த ஒன்றை மட்டும் அணைப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு தூரத்து நிலையங்களின் ஒலி மங்கலாகவாவது கேட்டுக்கொண்டிருக்கும். குண்டு விழும் இரவில் மக்களுக்குச் செய்தி அறுபடக் கூடாது என்று பொறியாளர்கள் இவ்வளவு யோசித்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஜெர்மனியிலோ குண்டுவீச்சு நெருங்கினால் அந்தப் பகுதியின் நிலையத்தையே நிறுத்திவிடுவார்கள். அந்த மௌனத்துக்காகவே காத்திருந்தது, இங்கிலாந்தின் குரோபரோவில் 1942 முதல் இயங்கிய 'ஆஸ்பிடிஸ்ட்ரா' என்ற மத்திய அலை டிரான்ஸ்மிட்டர். அதன் திறன் 600 கிலோவாட். அமெரிக்காவில் தனியார் நிலையங்களுக்கு அனுமதித்த உச்சவரம்பே 50தான். ஆஸ்பிடிஸ்ட்ராவின் அதிர்வெண்ணைச் சட்டென்று மாற்றவும் முடிந்தது. 1945 மார்ச்சில், ஜெர்மன் நிலையம் அணைந்த நொடியே ஆஸ்பிடிஸ்ட்ரா அதே அதிர்வெண்ணில் ஏறி, வேறொரு ஜெர்மன் நிலையத்தின் நிகழ்ச்சியைத் தொடர்ந்து ஒலிக்கவிட்டு, நடுவே பொய் அறிவிப்புகளைச் செருகியது. டயலைத் தொடாத கேட்பவருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. கடைசியில், எதிரி நம் அதிர்வெண்ணிலேயே பொய் உத்தரவுகளை ஒலிபரப்புகிறான், நம்பாதீர்கள் என்று ஜெர்மன் வானொலியே தன் மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.