இம்ப்ரூவ் என்ற சொல்லுக்குள் 'ப்ரூவ்' இல்லை

"குத்தகைதாரர் செய்த முன்னேற்றங்களுக்கு இழப்பீடு தரப்படும்." சென்ற வாரம் என்னிடம் சரிபார்ப்புக்கு வந்த ஒரு பத்திரத் தமிழாக்கத்தில் இருந்த வரி இது. இதைப் படிக்கும் விவசாயிக்கு என்ன புரியும்? ஆங்கில மூலத்தில் இருந்தது 'இம்ப்ரூவ்மென்ட்ஸ்': அவர் வெட்டிய கிணறு, போட்ட வேலி, கட்டிய மோட்டார் அறை. இந்த ஆண்டில் இதே பிழையை நான்காவது முறையாகத் திருத்துகிறேன்.

மொழிபெயர்த்த இளைஞரைக் கேட்டேன். சுயமுன்னேற்றப் பயிற்சி ஒன்றில் 'ஐ ஆம் ப்ரூவ்', அதாவது 'என்னை நிரூபிக்கிறேன்' என்று 'இம்ப்ரூவ்' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டினார்களாம்.

தயவுசெய்து இதை நம்பாதீர்கள். ப்ரூவ், சோதித்துப் பார்த்தலைக் குறிக்கும் 'ப்ரொபாரே' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. இம்ப்ரூவ் வந்த வழி வேறு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அங்கே வழங்கிய பிரெஞ்சில் 'எம்ப்ரூவெர்' என்றால் ஆதாயம் உண்டாக்குதல். உள்ளே இருக்கும் 'ப்ரூ' லாபத்தைக் குறிக்கும். பெருமிதத்தைக் குறிக்கும் 'ப்ரவுட்', வீரத்தைக் குறிக்கும் 'ப்ரவெஸ்' ஆகியவைதான் அதன் நெருங்கிய உறவுகள். அக்காலத்தில் யு, வி என்ற எழுத்துகளைப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. அந்தக் குழப்பத்தில், ப்ரூவ், அப்ரூவ் ஆகியவற்றின் சாயல் இதன் எழுத்திலும் படிந்துவிட்டது. ப்ரொபாரே குடும்பத்தில் பிறந்த இன்னொரு இம்ப்ரூவும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்தது, பிறகு வழக்கொழிந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? தவறென்று மறுத்தல்!

ஆதாயம் முதலில் நிலத்தில்தான் தேடப்பட்டது. தரிசைத் திருத்தி, வேலியிட்டு, வருமானம் வரச் செய்வதே இம்ப்ரூவ். மேம்படுத்துதல் என்ற பொதுப்பொருள் 17ஆம் நூற்றாண்டில் வந்தது.

நிலத்தின் பொருள் இன்னும் சாகவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 51ஆம் பிரிவைப் பாருங்கள். வாங்கிய சொத்து தனக்கே உரியது என்று நல்லெண்ணத்துடன் நம்பி அதில் செலவு செய்தவரை, மேலான உரிமை உள்ளவர் வெளியேற்றும்போது, அந்த 'இம்ப்ரூவ்மென்ட்' மதிப்பைக் கேட்கச் செலவு செய்தவருக்கு வழி இருக்கிறது. அங்கே தவறான சொல்லைப் போடுவது ஒருவருடைய பணத்தோடு விளையாடுவது.

மொழிபெயர்ப்பாளர்களே, நிலத்தில் என்ன செய்யப்பட்டது என்று கட்சிக்காரரைக் கேட்டு எழுதுங்கள். மொத்தமாகச் சொல்ல வேண்டுமானால் 'மேம்பாட்டுப் பணிகள்' போதும். 'நிலச் சீர்திருத்தம்' என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு சட்டம். பயிற்சியாளர்களே, காதில் விழுவதை வைத்துச் சொல்லை உடைக்காதீர்கள். வரலாற்று அகராதியைப் புரட்டுங்கள். பத்திரத்தில் கையெழுத்திடுபவர்களே, உங்கள் கிணறும் வேலியும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தபிறகு பேனாவை எடுங்கள்.