செற்றைக் கழற்ற முன் மேலே எரியும் குமிழை அணையுங்கள்

"செற் இரையுது, கொண்டன்சர் போட்டுதோ தெரியாது" என்று திருத்தக் கொண்டுவரப்படும் பழைய சன்சுய், பயனியர், அகாய் அம்பிளிபயர்கள் பலவற்றுக்குள் ஒரு பழுதும் இருப்பதில்லை. இரைச்சல் வீட்டில் எரியும் மலிவான எல்.ஈ.டி. குமிழிலிருந்து வருகிறது. திருத்துகிறவரின் மேசையிலும் அவை இரைவதுதான் சிக்கல். மேசைக்கு மேலேயும் அதே மலிவான எல்.ஈ.டி. குமிழ் எரிகிறது. இரைச்சலைத் தேடி நல்ல பாகங்களைக் கழற்றி, நாற்பது வருடப் பழைய சேர்க்கிற் போட்டின் செப்புத் தடத்தையும் சூட்டில் கிளப்பிவிட்டு, கடைசியில் "இது இனிச் சரிவராது" என்று கையை விரிக்கிறார்கள். ஸ்குரூட்றைவரை எடுக்க முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லாது.

முதலில் காதால் பிரித்தறியுங்கள். எங்கள் மெயின் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். கனமான, தடித்த "உம்" என்றால் அது 50. அறுந்த சீல்ட் வயர் (இரைச்சல் புகாமல் மேலே வலை போர்த்த வயர்), எர்த் வளையம் (எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து உண்டாகும் சுற்று), பக்கத்து ரான்ஸ்போமரின் காந்தப்புலம் ஆகியவை தரும் ஒலி இது. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, வொலியூமை முழுதாகக் குறைத்தபின்னும் அசையாமல் நிற்பது 100 ஹேர்ட்ஸ். அப்போது மட்டும் பவர் சப்ளையின் பெரிய கொண்டன்சரைச் சந்தேகியுங்கள். வண்டு சுவரில் மோதித் துடிப்பதுபோல ஓரம் கூரான "ஸ்ஸ்ர்ர்" என்றால் குற்றவாளி பெரும்பாலும் செற்றுக்கு வெளியே இருக்கிறது. வொலியூமைக் கூட்டக் கூட்ட அது கூடினால், வொலியூமுக்கு முன்னுள்ள பகுதியில் நுழைகிறது என்று பொருள்.

அடுத்து பற்றரியில் வேலைசெய்யும் ஒரு சின்ன றேடியோ வேண்டும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில், 600 கிலோஹேர்ட்ஸ் பக்கம் வைத்துக்கொண்டு அறைக்குள் நடவுங்கள். குமிழ், சார்ஜர், விசிறி றெகுலேற்றர் என்று ஒவ்வொன்றின் அருகிலும் பிடித்து, அதை அணைத்துப் பாருங்கள். றேடியோவுக்குள் ஏரியலாக இருக்கும் பெரைற் கோல் (கறுத்தக் காந்தப்பொருள் கோல்) திசை அறியும். றேடியோவைச் சுழற்றும்போது இரைச்சல் எந்த நிலையில் மிகக் குறைகிறதோ, அந்தக் கோலின் முனை காட்டும் கோட்டில்தான் இரைச்சலின் ஊற்று உள்ளது. மெயின் சுவிச்சையே இறக்கிய பிறகும் இரைந்தால் அது உங்கள் வீட்டுக் குற்றமில்லை. திருச்சி 936, தூத்துக்குடி 1053 கிலோஹேர்ட்ஸ் என்று இரவில் தெளிவாகக் கேட்ட நிலையங்கள் குமிழ் மாற்றியபின் மூழ்கிப்போனதற்கும் காரணம் இதுவே.

எல்.ஈ.டி. குமிழ்களில் இரண்டு சாதி. ஒன்று, உள்ளே ஒரு சுருளும் ஐ.சி.யும் வைத்து விநாடிக்குப் பல பத்தாயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுப்பது. அந்த வெட்டின் மடங்குகள் மத்திய அலை முழுவதும் பரவும். அதைத் தடுக்கும் வடிகட்டிச் சுருளும், மெயின் கரண்டின் குறுக்கே போடத்தக்க எக்ஸ் வகைக் கொண்டன்சரும் மலிவான குமிழ்களில் இருப்பதில்லை. செலவைக் குறைக்க முதலில் விடப்படுவது அவைதான். மற்றது, சுருளே இல்லாமல் எல்.ஈ.டி. இருக்கும் அலுமினியத் தட்டிலேயே சின்ன ஐ.சி. ஒன்றை வைத்த நேரோட்ட வகை. இது 100 ஹேர்ட்ஸில் சற்று மினுங்கலாம், றேடியோவைக் கெடுக்காது. பெட்டியில் இதை எழுதமாட்டார்கள். கடையிலேயே எரியவிட்டு றேடியோவைப் பிடித்துப் பார்த்து வாங்குவதே வழி. கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

சீ.எப்.எல். குமிழும் எலெக்ரோனிக் சோக் போட்ட ரியூப் லைற்றும் முதல் சாதியையே சேர்ந்தவை. பழைய கனமான சோக் உள்ள ரியூப் லைற்றின் தொல்லை வேறு. அதன் சோக்கிலிருந்து 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலம் கிளம்பும். ஸ்ராட்டருக்குள் இருக்கும் சின்னக் கொண்டன்சர் செத்திருந்தால் சரசரப்பும் சேரும். ஸ்ராட்டரை மாற்றினால் சரசரப்பு அடங்கும். ஆனால் அந்த ரியூப்பை எறிந்துவிடாதீர்கள். றெக்கோட் பிளேயரின் வேகத்தைப் பார்க்க 180 கோடு கொண்ட வட்டத்தைத் தட்டில் வைத்தால், 33⅓ சுற்றில் விநாடிக்குச் சரியாக 100 கோடு கடக்கும். 100 ஹேர்ட்ஸில் துடிக்கும் வெளிச்சத்தில் கோடுகள் அப்படியே நிற்கும். ஒரே சீராக எரியும் நல்ல எல்.ஈ.டி.யில் இந்த வித்தை பலிக்காது.

படியில்லாமல் வழுவழுவென்று திருகிக் கூட்டிக் குறைக்கும் விசிறி றெகுலேற்றரும் டிம்மரும் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே சுவிச்சாக வேலைசெய்யும் ரையாக் என்ற பாகம் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் கரண்டைச் சட்டென்று திறப்பதால் கிளம்பும் இரைச்சல் வயரிங் வழியே வீடெங்கும் ஓடும். "டக் டக்" என்று படிப்படியாக மாறும் கொண்டன்சர் வகை றெகுலேற்றர் போட்டால் பிரச்சினை தீரும்.

இவ்வளவு சின்ன இரைச்சல் ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது? றெக்கோட் பிளேயரின் காந்த வகை ஊசித்தலை கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ற்தான். அத்தோடு, இசைத்தட்டில் குறைத்துப் பதியப்பட்ட கீழ்ச்சுருதிகளை அம்பிளிபயரின் போனோ பகுதி (இசைத்தட்டுக்கான முதல் பெருக்கி) திரும்ப உயர்த்த வேண்டும். 1000 ஹேர்ட்ஸோடு பார்த்தால் 50 ஹேர்ட்ஸை அது ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. ரேப் ஹெட்டின் நிலையும் இதுபோலத்தான். எனவே சோக், ரான்ஸ்போமர், சோல்டறிங் அயனின் பவர் பெட்டி ஆகியவற்றை ஊசித்தலையிலிருந்து தள்ளி வையுங்கள். சிறிய ரான்ஸ்போமரின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 30 சென்ரிமீற்றரை 60 ஆக்கினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். காசு செலவில்லாத வைத்தியம்.

குமிழை மாற்ற வழியில்லையென்றால் பெரைற் வளையம் போடலாம். வயரை ஒருதரம் நுழைத்துவிட்டு "பலனில்லை" என்பவர்கள் அதிகம். மத்திய அலைக்கு ஒரு சுற்று காணாது. தடை சுற்றின் வர்க்கத்தோடு கூடுவதால், 7 சுற்றுச் சுற்றினால் 49 மடங்கு கிடைக்கும். லைவ், நியூற்றல் இரண்டையும் சேர்த்தே, குமிழுக்கு மிக அருகில் சுற்ற வேண்டும்.

திருத்தும் மேசைக்கு இதைவிட நல்லது 12 வோல்ற் எல்.ஈ.டி. பட்டி. மீற்றருக்கு 4.8 வாற் வகையில் இரண்டு மீற்றர் எடுத்தால் 0.8 அம்பியர், 7 அம்பியர்-மணி மோட்டார்சைக்கிள் பற்றரி ஐந்து மணிநேரத்துக்கு மேல் தாங்கும். 2 அம்பியர் பியூஸ் ஒன்று பற்றரி முனையிலேயே இருக்கட்டும். வேலைசெய்யும்போது சார்ஜரையும் சோலார் கொன்ட்ரோலரையும் கழற்றிவிடுங்கள். அவையும் வெட்டும் சாதியே. பட்டி வாங்கும்போது சீ.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 என்று பாருங்கள். நிறம் மங்கிய வெளிச்சத்தில் றெசிஸ்ரரின் நிறக்கோடுகளில் சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றாகி, 1 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் ஏறிவிடும்.

செற்றுக்குள் கை வைக்க வேண்டிய தருணமும் உண்டு. செற்றின் பவர் சுவிச்சின் குறுக்கே இருக்கும் மஞ்சள் நிற, உள்ளே வெடிப்புத் தெரியும் காகிதக் கொண்டன்சர் ஒருநாள் புகையும். அதே அளவில், 275 வோல்ற் ஏ.சி. எழுதிய எக்ஸ்2 வகையே போட வேண்டும். வெறும் 400 வோல்ற் டி.சி. கொண்டன்சர் ஆகாது. முதலில் பிளக்கைக் கழற்றி, 10,000 மைக்ரோபரட் போன்ற பெரிய கொண்டன்சர்களை 1 கிலோ ஓம் 5 வாற் றெசிஸ்ரர் வழியாக ஒரு நிமிடம் வெறுமையாக்குங்கள். றேடியோ அலை போனோவின் முதல் ரான்சிஸ்ரரில் புகுந்து ஒலியாக மாறுவதும் உண்டு. அதன் பேஸ் காலில் சின்னப் பெரைற் மணி ஒன்றைக் கோர்த்தால் அநேகமாக அடங்கும். இன்புட்டின் குறுக்கே கொண்டன்சர் போடுவது ஊசித்தலையின் மேல்சுருதியை மாற்றிவிடும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. திருத்திய செற்றை முதல்தரம் ஏற்ற, பழுதிருந்தால் கரண்டைக் கட்டுப்படுத்தத் தொடராகக் கோர்த்த 100 வாற் இழைக்குமிழ் வேண்டும். எல்.ஈ.டி. குமிழ் அந்த வேலை செய்யாது.

கைபேசியைச் சார்ஜில் போட்டபடி செற்றோடு கோர்த்துப் பாட்டுக் கேட்கிறவர்கள் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவும். பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும்.

இனி எர்த். இரைகிறது என்பதற்காக மூன்றாவது பின்னை வெட்டுவது உயிரோடு விளையாட்டு. வடிகட்டியுள்ள கருவிகளில் 2.2 நனோபரட் கொண்டன்சர்கள் லைவிலிருந்தும் நியூற்றலிலிருந்தும் கருவியின் இரும்புடம்புக்குப் போகின்றன. எர்த் இல்லையென்றால் அந்த இரும்புடம்பு ஏறத்தாழ 115 வோல்ற்றில் மிதக்கும். தொட்டால் கை சுறுசுறுக்கும். சீல்ட் வயர் வழியே அது இரைச்சலாகவும் வரும். வன்னியில் ஆவணி, புரட்டாதி வரண்ட நிலத்தில் எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண் காய்ந்து அதன் தடை ஏறிவிடும். மாரியில் அமைதியாக இருந்த செற் கோடையில் இரைந்தால் அங்கே பாருங்கள். கம்பியைக் கிணற்றடி, குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கம் போன்ற ஈரநிலத்தில் இறக்கி, கிளிப்பின் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். ரெஸ்ற் பொத்தானை அழுத்தியதும் ட்ரிப் சுவிச் விழுவதால் எர்த் நல்லது என்று நம்பாதீர்கள். அந்தப் பொத்தான் சுவிச்சை மட்டுமே சோதிக்கிறது. எர்த்தை அளக்க மின்னியலாளரின் எர்த் மீற்றர் வேண்டும்.

மெயினை இறக்கியும் விநாடிக்கு ஒருதரம் "டிக்… டிக்…" என்று றேடியோ அடித்தால் அது யானைவேலி, அதாவது யானையைத் தடுக்கும் மின்வேலி. வேலி சரியாக இருந்தால் இவ்வளவு கேட்காது. புல் வளர்ந்தோ கொப்பு சாய்ந்தோ கம்பியில் பொறி பறக்கும் இடத்தில்தான் சத்தம் கூடும். றேடியோவோடு வேலியோரம் நடந்தால் இடம் பிடிபடும். கம்பியைத் தொடாமல் வேலிக்குப் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். உங்கள் செற் மட்டுமில்லை, அந்த இடத்தில் வேலியும் வலுவிழந்திருக்கிறது.