ஓடையில் கயாக்: ஓர் அடி தண்ணீர் ஏறினால் என்ன மாறுகிறது?

ஒகேனக்கல்லுக்கு நொடிக்கு எத்தனை கனஅடி தண்ணீர் வருகிறது என்பதை, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. காலைச் செய்தியிலேயே அது வந்துவிடும். பரிசல் ஓட்டலாமா, வேண்டாமா என்பதை மாவட்ட நிர்வாகம் நீர்வரத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. வாணியாற்றிலோ சின்னாற்றிலோ ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையிலோ, துடுப்புப் போட்டு ஓட்டும் குறுகலான சிறு படகான கயாக்கை இறக்குகிறவருக்கு இப்படி எண் சொல்ல ஆள் இல்லை. மழை விட்டதும் காற்றடைத்த கயாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறவர்களில் பலர் தண்ணீரைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

அளவெடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடை நேராகப் போகும் இடத்தில் கரையோரம் 50 அடி அளந்து இரண்டு குச்சிகளை நடுங்கள். காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை நடு ஓட்டத்தில் வீசி, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதற்கு எத்தனை நொடியில் போகிறது என்று எண்ணுங்கள். மூன்று முறை வீசிச் சராசரி எடுங்கள். 25 நொடி என்றால் வேகம் நொடிக்கு 2 அடி. ஓடையின் அகலம் 20 அடி, சராசரி ஆழம் 1 அடி என்றால் பெருக்கி வருவது 40. அடித்தரையில் உராய்ந்து ஓடும் தண்ணீர் மேல்மட்டத்தைவிட மெதுவாகப் போகும் என்பதால் அதில் 85 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 34 கனஅடி.

அதே இடத்தில் தண்ணீர் ஓர் அடி ஏறி, மட்டை 14 நொடியிலேயே போய்விடுகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் 120 கனஅடியைத் தாண்டும். ஏறியது ஒரே அடி, வருவது மூன்றரை மடங்குத் தண்ணீர். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். தண்ணீர் நிறைந்த கயாக் பாறையில் குறுக்காகச் சிக்கினால், மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 75 கிலோ அழுத்தம். 10 கி.மீ. வேகத்தில் அது 300 கிலோ. இரண்டு பேர் இழுத்து எடுக்கிற காரியமில்லை.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு. படகின் அடி தட்டும், பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் சாயும். அப்போது பயத்தில் எல்லாரும் பாறையை விட்டு விலகித் தண்ணீர் வரும் பக்கம் சாய்கிறார்கள்; படகு நிரம்பி அங்கேயே மடங்கிவிடுகிறது. பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் அதன் பக்கமே சாய வேண்டும். கவிழ்ந்தால் ஓட்டத்தின் நடுவே எழுந்து நிற்காதீர்கள். கற்களின் இடுக்கில் பாதம் மாட்டினால் தண்ணீர் முதுகைத் தள்ளி முகத்தை அமிழ்த்திவிடும், இடுப்பளவு ஆழத்தில்கூட. மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, பாத நுனி மேலே தெரியும்படி மிதந்துகொண்டே கரையை நோக்கித் துழாவுங்கள்.

நடுத்தர மட்டம்தான் பழகுவதற்கு ஏற்றது. பாறைகளுக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் திரும்பி மேல்நோக்கிச் சுற்றும் அமைதியான இடங்கள் தெளிவாக இருக்கும். எடி என்று சொல்வது அதைத்தான். ஒவ்வொன்றிலும் நின்று அடுத்ததைப் பார்த்து இறங்கலாம். இன்னும் ஓர் அடி ஏறினால் இந்த இடங்கள் அடித்துப்போய்விடும், நிற்க இடமிருக்காது. தண்ணீர் கரையோரச் சீமைக் கருவேலத்துக்குள்ளும் மூங்கில் புதருக்குள்ளும் வேலிக் கம்பிக்குள்ளும் புகுந்து ஓடும். தண்ணீர் அதில் வடிந்து போகும், மனிதன் சிக்கிக்கொள்வான். விலக முடியாமல் போனால் தலை முன்னால் வரத் திரும்பி வேகமாக நீந்தி, கிளையின் மேல் தாவி ஏறுங்கள். கால் முதலில் போனால் அடியில் இழுத்துக்கொள்ளும்.

நம் ஊர் ஓடைகளில் நாங்கள் அதிகம் பயப்படுவது தரைப்பாலத்துக்கும் தடுப்பணைக்கும்தான். தரைப்பாலத்தின் குழாய் வாய் மூழ்கும் மட்டத்தில் மேலே தண்ணீர் சாதுவாகத் தெரியும், அடியில் குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கும். குழாய்க்குள் முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால் உள்ளே போனவர் வெளியே வர வழியில்லை. தடுப்பணைக்கு மேல் தண்ணீர் வழியும்போது, விழும் இடத்தில் மேல்மட்டத் தண்ணீர் சுவரை நோக்கியே திரும்பி ஓடும். கீழே நுரை ஒரே கோடாக, கரைக்குக் கரை நீண்டு, வெளியேற இடைவெளி இல்லாமல் தெரிந்தால் அது ஆளைத் திரும்பத் திரும்ப உருட்டும். நுரையில் காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்கூட முழுதாகத் தூக்காது. நாலடி உயரச் சுவர்தானே என்று பார்க்காதீர்கள். 100 அடிக்கு முன்பே கரையேறி, படகைத் தூக்கிச் சுற்றிப் போங்கள்.

காவிரியில் வெள்ளம் கர்நாடக அணைகள் திறந்து, முன்னறிவிப்போடு வருகிறது. சின்ன ஓடைகளுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஏற்காடு மலையில் கொட்டிய மழை, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வெயிலடிக்கும்போதே வாணியாற்றில் இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்து, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் சாலையோடு இழுத்துப்போனது. தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் நடு ஓட்டத்தில் கூட்டமாக வருவது, அடியில் கற்கள் உருளும் சத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கரையேறுங்கள். வெள்ளம் வடிந்த பிறகும் போன மாதம் பார்த்த ஓடை என்று நம்ப வேண்டாம். புதிதாக ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடக்கலாம்.

ஹெல்மெட், உடலோடு இறுக்கிக் கட்டிய லைஃப் ஜாக்கெட், விசில், கத்தி, தண்ணீரில் தத்தளிப்பவரை நோக்கி வீச 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு கொண்ட வீசுபை. செருப்பு வேண்டாம், நாடா கட்டிய ஷூ. குறைந்தது மூன்று பேர். அதில் ஒருவர் கயிறோடு கரையில் நிற்க வேண்டும், அவரும் படகேற ஆசைப்படக் கூடாது.

இறங்கும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, மட்டத்தில் கோடு கிழியுங்கள். கரையில் நிற்பவர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கட்டும். கோடு இரண்டு விரற்கடை மூழ்கியிருந்தால் மூன்று முறை விசில் ஊதி எல்லாரையும் மேலே வரச் சொல்லட்டும்.