டைமிங் பெல்ட் மாற்றம்: கோணமும் இழுவிசையும்

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று மட்டுமே சுற்ற வேண்டும். இரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட் என்ற பல் பட்டை. கேம் ஷாஃப்டின் பல்சக்கரத்தில் கிராங்கின் பல்சக்கரத்தைவிட இரு மடங்கு பற்கள் இருப்பதால் இந்த விகிதம் தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் விகிதம் மட்டும் போதாது. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும் என்ற கோண உறவும் குலையாமல் இருக்க வேண்டும். டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்ற முனைபவர் உண்மையில் கையாளப்போவது இந்தக் கோணத்தைத்தான், ஏனெனில் பெல்ட்டைக் கழற்றிய பிறகு அதைக் காத்து நிற்க இன்ஜினில் வேறு எதுவும் இருப்பதில்லை.

கிராங்கின் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாகக் கொண்டால், பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்படும்போது கிராங்கின் அளவில் 18 டிகிரி பிழை நேர்கிறது. அந்த நிலையிலும் இன்ஜின் பெரும்பாலும் ஓடக்கூடும், ஆனால் இழுவை குறைந்து, தடுமாறி ஓடும். பிழை இன்னும் சில பற்களுக்கு நீண்டால், திறந்திருக்கும் வால்வின்மீது பிஸ்டன் மோதும் வாய்ப்பு உண்டு. பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை வெவ்வேறு கணங்களில் பயன்படுத்தும்படி வடிவமைக்கப்பட்ட இன்ஜின்களில்தான் இந்த மோதல் நிகழும். அவற்றில் ஓட்டத்தின் நடுவே பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடுகின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுவதால், அறுந்த பிறகு வண்டியை நிறுத்துவதற்கு அவகாசமே கிடைக்காது.

ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962-இல் வெளியிட்ட கிளாஸ் 1004 கார்தான் இத்தகைய பல் பெல்ட்டைப் பெருமளவு உற்பத்தியில் முதன்முதலில் கொண்டுவந்தது. பெல்ட்டின் உடல் ரப்பர், இழுவிசையைத் தாங்குவது உள்ளே ஓடும் கண்ணாடி இழை நாண்கள், பற்களின் மேற்பரப்பில் தேய்மானத்தைத் தடுப்பது நைலான் துணி. நாண்கள் இழுவைக்கு வலிமையானவை, கூர்மையான வளைவுக்கு வலிமையற்றவை. ஆகவே புதிய பெல்ட்டை மடிப்பதும், முறுக்குவதும், உட்புறம் வெளியே வரும்படி திருப்புவதும் கண்ணுக்குத் தெரியாத சேதத்தை விளைவிக்கும். வெளிப்பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் பெல்ட்டும் உள்ளே நைந்திருக்கக்கூடும் என்பதால்தான் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர் கணக்கோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்து, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை அமுக்க வீச்சின் (கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்) உச்ச நிலைக்குக் கொண்டுவந்து, பல்சக்கரக் குறிகள் பொருந்தியிருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சில இன்ஜின்களில் இக்குறி வேறொரு நிலையில் அமைந்திருக்கும்; அங்கே அந்த வண்டிக்குரிய கையேட்டின் சொல்லே இறுதியானது. பெல்ட் விலகியதும் வால்வு ஸ்பிரிங்குகள் கேம் ஷாஃப்டைத் திடீரெனத் திருப்பிவிடலாம் என்பதால் அதைப் பூட்டிவைக்கும் கருவி தேவை. ஆனால் அந்தக் கருவியையே பிடிமானமாகக் கொண்டு பல்சக்கரத்தின் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது. ஷாஃப்டின் கோணத்தைக் காட்ட வந்த கருவியின் ஊசி அந்த முறுக்கைத் தாங்காமல் முறியும்.

பலரும் பெல்ட்டுக்குத் தரும் கவனத்தை, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்குத் தருவதில்லை. என் கருத்தில் வேலையின் பாதி அங்கேதான் இருக்கிறது. கிராங்க் பெல்ட்டை இழுக்கும் பக்கம் எப்போதும் இறுக்கமாக இருக்கும். எதிர்ப் பக்கத்தில் தொய்வு சேரும். டென்ஷனர் அந்தத் தொய்வுப் பக்கத்திலேயே வைக்கப்படுகிறது. புதிய பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, இழுக்கும் பக்கத்தில் சிறிதும் தொய்வில்லாமல் கேம் வரை கொண்டுசென்று, மிச்சத் தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் விடுவதற்குக் காரணம் இதுவே. இழுக்கும் பக்கத்தில் தொய்வு தங்கிவிட்டால், டென்ஷனர் அதை உறிஞ்சும்போது ஏதேனும் ஒரு ஷாஃப்ட் திரும்பிக் குறிகள் விலகிவிடும்.

இறுக்கத்தைக் குளிர்ந்த இன்ஜினில்தான் அமைக்க வேண்டும். முழுவதும் அலுமினியத்தால் ஆன இன்ஜினில், கிராங்குக்கும் கேமுக்கும் இடையிலான அரை மீட்டர் தூரம் 70 டிகிரி செல்சியஸ் சூடேறும்போது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் நீள்கிறது. கண்ணாடி இழைகள் அந்த அளவுக்கு நீள்வதில்லை. எனவே சூடான நிலையில் சரியாகத் தோன்றும் இறுக்கம், குளிர்ந்த காலையில் பற்கள் தாவும் அளவுக்குத் தளர்ந்துபோகும். ஸ்பிரிங் வகை டென்ஷனரில், மையம் விலகிய அச்சைத் திருப்பி, முள் உரிய குறிக்கு வந்ததும் நட்டை, இறுக்கும் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குவார்கள். ஹைட்ராலிக் வகையில் தண்டை வைஸில் நிமிர்த்திப் பொருத்தி மிக மெதுவாக அழுத்தி, பூட்டு ஊசியைச் செருக வேண்டும். உள்ளிருக்கும் ஆயில் நுண்ணிய இடைவெளி வழியே ஒதுங்குவதற்கு நேரம் வேண்டும், அவசரப்பட்டால் உள்ளிருக்கும் சீல் பழுதாகும்.

பெல்ட் ஓடும் பாதையில் அதற்கு வழிகாட்டும் ஐட்லர் பேரிங்குகளையும், பெல்ட்டால் இயங்குவதாக இருந்தால் வாட்டர் பம்பையும் அப்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை. ஆயில் சீல் கசிந்தால் அதையும் மாற்றியாக வேண்டும், ஆயில் பட்ட ரப்பர் ஊறிப் பற்கள் உதிரும்.

எல்லாம் பொருந்திய பின் பூட்டுக் கருவிகளை அகற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, இன்ஜின் சுழலும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் ஒரு முழுச் சுற்றை முடித்துப் பழைய நிலைக்கு வருவதற்கு இரண்டு சுற்று தேவை. பல்சக்கரக் குறிகளும் டென்ஷனர் முள்ளும் தத்தம் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். பெல்ட்டின்மேல் அச்சிட்ட கோடுகள் பொருந்தாமல் போனால் கவலையில்லை, பெல்ட்டின் பல் எண்ணிக்கை வேறு என்பதால் அவை நகர்வது இயல்பே. வழியில் கெட்டியான தடை தட்டுப்பட்டால் ஸ்பேனரை மேலும் அழுத்தாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அது பிஸ்டன் வால்வைத் தொடும் இடமாக இருக்கலாம்.

முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய ஊளை கேட்டால் பெல்ட் மிகையாக இறுகியிருக்கிறது என்றும், மூடிக்குள் தட்டும் ஓசை கேட்டால் தளர்ந்திருக்கிறது என்றும் ஐயுற்று, இன்ஜினை அணைத்து, முழுவதும் குளிர்ந்த பின் முள்ளை மறுபடி பார்க்க வேண்டும்.