புற்றுக்கட்டியின் வேகத்தைச் சொல்லும் நொதிகள்

நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் எல்.டி.எச். என்று ஒரு வரி இருக்கும். ஸ்கேனையும் பயாப்சியையும் நினைத்துப் பதறிக்கொண்டிருக்கும் குடும்பத்தாரின் கண்ணில் அது படாது. மருத்துவர் பார்ப்பார், அதுவும் வேகமாக வளர்ந்து பரவும் சிறு செல் வகை நுரையீரல் புற்றுநோய் என்றால் கட்டாயம் பார்ப்பார்.

லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் சுருக்கம்தான் எல்.டி.எச். உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் அது இருக்கிறது. வேகமாக ஓடும்போது கால் தசைக்கு ஆக்ஸிஜன் போதாமல் போனால், சர்க்கரையை உடைத்துக் கிடைத்த பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றிச் சமாளிப்பது இதுதான். வரவு குறைவு: ஒரு குளுக்கோஸுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. 2 மட்டும். ஆக்ஸிஜனோடு முழுதாக எரித்தால் சுமார் 30 கிடைக்கும்.

புற்று செல்லோ ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தாலும் இந்த நஷ்ட வழியையே பிடித்துக்கொள்கிறது. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் இதைக் கண்டறிந்தார். ஏன் இப்படி? விறகைச் சாம்பலாகும்வரை எரித்தால் சூடு மட்டும்தான் கிடைக்கும். பாதியில் இழுத்துவிட்டால் கட்டை மிஞ்சும். அவசரமாக இரண்டாகப் பிரியும் செல்லுக்கு அந்தக் கட்டைதான் முக்கியம். சவ்வு, புரதம், டி.என்.ஏ. எல்லாம் செய்யக் கார்பன் துண்டுகள் வேண்டுமே. இன்று பலரும் ஏற்கும் விளக்கம் இது. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றிப் படம் எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் இதே சர்க்கரைப் பசியால்தான்.

சரி, செல்லுக்குள் இருக்கும் நொதி ரத்தத்துக்கு எப்படி வருகிறது? கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக் குழாய்கள் ஈடுகொடுப்பதில்லை. நடுவில் இருக்கும் செல்கள் பட்டினியில் செத்து உடைகின்றன, உள்ளே இருந்தது வெளியே கசிகிறது. ஆகவே எல்.டி.எச். மிக உயர்ந்திருந்தால், கட்டியின் மொத்த அளவு பெரிது, அல்லது அது ஈரல் போன்ற இடங்களுக்குப் பரவியிருக்கலாம் என்று பொருள். சிறு செல் வகையில் தொடக்கத்திலேயே இந்த அளவு கூடியிருப்பவர்களின் ஆயுள் சராசரியாகக் குறைவு. அந்த வகையின் செல்களுக்கு நரம்பு செல்களின் சாயல் உண்டு என்பதால், நரம்பு செல்களில் இருக்கும் எனோலேஸ் என்ற இன்னொரு சர்க்கரை நொதியும் ரத்தத்தில் கூடும். கீமோதெரபி பலித்தால் அது இறங்கும், நோய் திரும்பினால் ஏறும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவை நோயின் போக்கைச் சொல்லும் அளவுகள், நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் அல்ல. மாரடைப்பிலும் ஈரல் அழற்சியிலும்கூட எல்.டி.எச். ஏறும். ரத்தச் சிவப்பணுக்களில் இந்த இரண்டு நொதிகளும் இருப்பதால், எடுத்த ரத்தம் குழாயிலேயே உடைந்துபோனால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அதேபோல, புகைபிடிப்பவருக்கு எல்.டி.எச். சரியாக இருக்கிறது என்பதால் நுரையீரலும் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அதிகம் புகைத்தவர்களிடம் கட்டியை முன்கூட்டியே பிடித்து உயிரிழப்பைக் குறைப்பது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான். அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு இதை 2011இல் காட்டியது.

சிறு செல் வகை பெரும்பாலும் புகைபிடித்தவர்களுக்கே வருகிறது. அதன் தொடக்கத்திலும் நொதிகளுக்குப் பங்குண்டு. புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற ரசாயனத்தைக் கரையவைத்து வெளியேற்றத்தான் உடம்பின் சிப் 1ஏ (CYP1A) என்ற குடும்பத்து நொதிகள் முயல்கின்றன. அந்த முயற்சியில் உருவாகும் பொருள் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. செல் தறிகெட்டுப் பெருகாமல் காக்கும் பி53 மரபணுவில் அது ஒட்டும் இடங்களும், புகைபிடித்தவர்களின் கட்டிகளில் அந்த மரபணு பழுதாகியிருக்கும் இடங்களும் ஒத்துப்போவதை 1996இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அப்புறம், இந்தக் குடும்பத்து நொதிகளைப் புகையே மேலும் தூண்டிவிடுகிறது. சிறு செல் அல்லாத வகை நுரையீரல் புற்றுக்குத் தரும் எர்லோடினிப் மாத்திரையைச் சிதைப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. அதனால் புகைத்துக்கொண்டே மாத்திரை போடுபவரின் ரத்தத்தில் மருந்து மிகவும் குறைந்துவிடுகிறது. சிகரெட்டை நிறுத்தினால் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பும்; அதே மாத்திரை அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.