கொடைக்கானலில் மீனுக்கு வயது பார்ப்பவர்

"பக்கத்து வீட்டுக்குக் கடல் உயிரியல் ஆய்வாளர் ஒருவர் குடிவந்திருக்கிறார். மலையில் அவருக்கு என்ன வேலை?" என்று வில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, ஆய்வு மாதிரியும் வராது. சேர்த்து வைத்ததை உட்கார்ந்து பார்க்க வேண்டிய காலம் அது. மேசையும் மின்சாரமும் இருந்தால் கடலோர ஊரான மண்டபமானால் என்ன, கொடைக்கானலானால் என்ன?

அவர் மேசையில் சின்னச் சின்னக் குப்பிகள் இருந்தால், உள்ளே இருப்பது செவிக்கல்லாக இருக்கலாம். கத்தாழை மீனின் தலையைக் கடிக்கும்போது பல்லில் நறுக்கென்று படுமே, அதுதான். எலும்பு மீன்களுக்குக் காதுக்கு மூன்று கல். சமநிலைக்கும் கேட்பதற்கும் அவை வேண்டும்.

கல் வளரும் விதம்தான் அழகு. உட்காதில் உள்ள திரவத்திலிருந்து கால்சியம் கார்பனேட் படிந்துகொண்டே வருகிறது. பகலும் இரவும் மாற மாற அந்தத் திரவத்தின் வேதிநிலை ஏறி இறங்கும். ஒரு பொழுதில் சுண்ணாம்பு மிகும், மறுபொழுதில் புரதம் மிகும். விளைவு: நாளுக்கு ஒரு வளையம், சில மைக்ரான் தடிமனில். மீன் பட்டினி கிடந்தால் செதில்கூடக் கரையலாம். செவிக்கல்லில் ஒருமுறை படிந்தது படிந்ததுதான். குளிர்நாட்டு மீன்களில் ஆண்டு வளையமே பளிச்சென்று தெரியும். நம் வெப்பக் கடலில் அது மங்கல். அதனால் 1971-இல் ஜியார்ஜியோ பனெல்லா என்ற ஆய்வாளர் நாள் வளையங்களைக் காட்டியது நமக்குப் பெரிய வரம். குறிப்பாகக் குஞ்சு மீன்களில், வளையங்களை எண்ணிப் பிடிபட்ட தேதியிலிருந்து கழித்தால் பிறந்த நாளே கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்!

எண்ணுவதற்கு முன் கல்லைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, மெல்லிய உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். நாலு தேய்ப்பு, நுண்ணோக்கியில் ஒரு பார்வை, மறுபடி நாலு தேய்ப்பு. கொஞ்சம் கூடினால் நடுக்கரு போய்விடும், அத்தோடு மீனின் முதல் நாட்களும். எண்ணுபவருக்கு மீனின் நீளத்தைச் சொல்லக்கூடாது. தெரிந்தால் மனம் எண்ணிக்கையை வளைக்கும். இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, ஒத்துப்போகாததை ஒதுக்குவார்கள். கொடைக்கானல் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை வேறு பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இல்லாமல் முடியாது.

படகுக்குப் பணம் கேட்டால் கிடைக்கும், உட்கார்ந்து எண்ணுபவருக்குச் சம்பளம் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்பது என் பழைய எரிச்சல். எண்ணாத கல் வெறும் கல்தானே?

கொடைக்கானல் ஏரிக் கெண்டைக்கும் இந்தக் கல் உண்டா என்றும் அதே வாசகர் கேட்கிறார். உண்டு. ஆனால் பெரும்பாலான கடல்மீன்களில் மிகப் பெரிதாக இருக்கும் சஜிட்டா என்ற கல், கெண்டையில் ஊசிபோல் மெலிந்திருக்கும், எடுப்பதற்குள் உடைந்துவிடும். வேறு கல்லைத்தான் தேட வேண்டும்.