முகத்தில் கறுப்பு விழுந்தால்: கிறீம் வாங்க முன்னம்

திருகோணமலையில் மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, வெயில் கடுமை. முகத்துக் கறுப்பென்று கிளினிக்குக்கு வருகிற பலர், அதற்கு முன்னமே எதையோ பூசிக் கறுப்பைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறார்கள்.

எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் அது மங்கு. கர்ப்பமும் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையும் அதைத் தூண்டும், வெயில் வளர்க்கும். பருவோ நுளம்புக்கடியோ ஆறின இடத்தில் புள்ளி புள்ளியாக நிற்பது வேறு: அழற்சி வந்த தோல், நிறம் தரும் மெலனினைக் கூடுதலாகச் சுரந்திருக்கிறது. பருவைப் பிதுக்கினால் அந்தக் கறுப்பு ஆழமாக இறங்கும். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் ஊத்தையென்று தும்பால் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். சீனி வருத்தத்தின் முன்னறிகுறியாகவும் அது இருக்கலாம்: வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைப் பாருங்கள், உடம்பு நிறையையும் பாருங்கள்.

மருந்தைவிட முதலில் வேண்டியது சண் கிறீம். எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாதது. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். கடலையளவு பூசிவிட்டு “வேலை செய்யவில்லை” என்பது கிறீமின் குற்றமல்ல. வெளியில் இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கடலில் குளித்தாலும் வியர்த்தாலும் உடனே மறுபடி. நிலாவெளி, உப்புவெளிக் கரையில் மணலும் தண்ணீரும் வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிப்பதால் தொப்பி மட்டும் போதாது. மங்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும் கறுக்கும். அதனால் இரும்பு ஒக்சைட்டு கலந்த, தோல்நிறச் சண் கிறீம் நல்லது. அடுப்படி வெக்கையும் மங்குக்கு ஆகாது.

“ஒரு கிழமையில் வெள்ளை” என்று விற்கும், என்ன கலந்ததென்று எழுதாத டப்பாக்களில் கடும் ஸ்டீரொயிட்டோ பாதரசமோ இருக்கக்கூடும். ஸ்டீரொயிட் முதலில் பளிச்சென்று காட்டும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் மயிரும் கிளம்பும். விட்டதும் எரிவும் சிவப்பும், பழைய கறுப்பும் திரும்பும். பல மாதம் பூசியவர்கள் வைத்தியரைக் கேட்டே நிறுத்துங்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேசிப்புளி பூசி வெயிலில் போனால் தோல் கொப்பளித்து, காய்ந்த பிறகு கறுப்பு விழும்.

வைத்தியர் பெரும்பாலும் எழுதுபவை: அசெலெயிக் அமிலம் 15–20 சதவீதம், கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், இரவில், கறுத்த இடத்தில் மட்டும், சில மாதத்துக்குத்தான்; மேற்பார்வையின்றி நீண்ட காலம் பூசினால் நீலக்கறுப்பு ஏறி அதுவே புதுத் தலையிடியாகும். ட்ரெட்டினொயின் கிறீம், கர்ப்பத்தில் வேண்டாம். ட்ரனெக்சாமிக் அமில மாத்திரை எழுதும்போது, இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்த வரலாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கிறீம் எரிந்தால் ஒரு இரவு விட்டு ஒரு இரவு பூசலாம்.

பலன் தெரிய 8 முதல் 12 கிழமை போகும். சாம்பல்நீலமாக ஆழத்தில் இருப்பது இன்னும் தாமதிக்கும். மாதமொருமுறை ஒரே ஜன்னலருகே படமெடுத்து ஒப்பிடுங்கள். லேசருக்கு அவசரப்படாதீர்கள், நம் நிறத் தோலில் அது கறுப்பைக் கூட்டுவதும் உண்டு.

மச்சம் பெருத்தாலோ, ஓரம் கோணினாலோ, பல நிறம் காட்டினாலோ, இரத்தம் கசிந்தாலோ, உள்ளங்காலிலோ ஒரு நகத்தின் கீழோ புதிதாய்க் கறுப்பு வந்தாலோ, கிறீமைத் தேடாமல் அந்தக் கிழமையிலேயே தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.